பனித்தரையிலே ஒரு பாஞ்சால வீரர்

சென்னைப் பட்டணத்துக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டி, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில் நெட்டுக்குப்பம் என்ற மீனவர் ஊர் ஒன்று இருக்கிறது. அந்த ஊர்ச் சிறுவன் ஒருவனை நிறுத்தி, "ஐஸ் எதற்குத் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "இது என்ன கேள்வி? மீனுக்குத்தான்!" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையில் உள்ள கரை நெடுகிலும் ஐஸ் என்பது தொழிலுக்கு வேண்டிய சரக்கு. பார் பாராக வந்து இறங்கும், உடைபடும், மீன் பெட்டியை நிரப்பும், பொழுது சாய்வதற்குள் தண்ணீராகப் போய்விடும். அதன் மேல் ஏறி நின்று விளையாடுகிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னால், சொன்னவரை வெயில் தாக்கிவிட்டதோ என்றுதான் நம்மவர்கள் சந்தேகப்படுவார்கள்.

ஆயினும் நமது பட்டணத்துக்கும் பனி உறையும் அந்தத் தேசத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இப்போது வழங்கும் கட்டடத்தை நேயர்கள் அறிவார்கள். அதற்குப் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். பிரெடெரிக் டூடர் என்ற பாஸ்டன் நகரத்து வியாபாரி 1842-ல் அதைக் கட்டுவித்தார். தம் நாட்டில் குளிர்காலத்தில் உறைந்து போகும் ஏரிகளை வாள் கொண்டு அறுத்து, பாளங்களை மரத்தூளில் பொதிந்து, மாதக் கணக்கில் கடல் கடத்தி இங்கே கொண்டு வந்து விற்றார் அந்த மனிதர். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்குகளை மசூலாப் படகில் ஏற்றி, அலையோடு போராடிக் கரை சேர்க்க வேண்டும். பிற்பாடு இயந்திரத்தினாலேயே பனிக்கட்டி செய்யும் வித்தை வந்தது. டூடரின் வியாபாரமும் கரைந்து போயிற்று. 1897-ல் மேல்நாட்டு யாத்திரை முடிந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அந்த வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். வீட்டின் பெயர் மாறியதற்குக் காரணம் அதுவே.

உறைந்த ஏரியை டூடர் வியாபாரப் பொருளாகப் பார்த்தார். அந்த நாட்டுப் பிள்ளைகளோ அதை மைதானமாகப் பார்த்தார்கள். அடியில் இரும்புத் தகடு பதித்த ஜோடுகளை மாட்டிக்கொண்டு, கையிலே வளைந்த கழியை ஏந்தி, பனியின் மேல் சறுக்கிச் சென்று ஹாக்கி ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த அரங்கில், பாரத வம்சத்தில் தோன்றியவர்களுள் முதன் முதலாகக் கால் வைத்தவர் ராபின் பாவா என்ற பாஞ்சாலர். அவருடைய கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் புகுகிறோம். இது மகத்தான வெற்றிகளின் கதை அல்ல. மேல் அரங்கில் அவர் ஆடியவை 61 பந்தயங்கள். போட்ட கோல்கள் ஆறு. மற்றக் காலமெல்லாம் சிறிய ஊர்களின் சிறிய அரங்குகளிலேயே கழிந்தது. ஆனாலும், பிள்ளைகள் விளையாட்டில் மோகம் கொண்டிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பது நமது அபிப்பிராயம்.

ஆட்டத்தின் இலக்கணம்

ஹாக்கி என்றதும் நமக்கு நினைவு வருவது புல்தரை. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் தியான் சந்த் செய்த ஜாலங்களை யார் மறப்பார்கள்? 1948 ஆகஸ்டில், சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில தினங்கள் இருக்கையில், லண்டன் மாநகரிலேயே பிரிட்டனை 4-0 என்ற கணக்கில் தோற்கடித்தோமே, அந்த ஆனந்தத்துக்கு ஈடு உண்டா?

பனித்தரை ஹாக்கி அதற்குத் தூரத்து உறவு. தரை 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் பலகைச் சுவர். கோல் காப்பவரையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குலக் குறுக்களவும் ஒரு அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. 'பக்' என்று அதற்குப் பெயர். துள்ளிக் குதிக்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்னால் அதையும் குளிரில் உறைய வைத்துவிடுகிறார்கள்! இருபது நிமிஷம் வீதம் மூன்று பகுதி ஆட்டம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு நிமிஷம் பாய்ந்து ஆடிவிட்டு, மூச்சு வாங்க வெளியே வந்து உட்காருவார். அடுத்தவர் உள்ளே குதிப்பார். வட்டை வைத்திருக்கும் எதிரியைத் தோளால் மோதித் தள்ளுவது விதிக்கு உட்பட்டதே. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துச் சண்டை போடுவது விதிக்கு விரோதம். ஐந்து நிமிஷம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். ஆனால் அதற்கென்றே சில பேரைச் சேர்த்து வைத்திருந்த கோஷ்டிகள் உண்டு. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாவாவின் கதையில் இது மறுபடியும் வரும்.

வீட்டுக் கூரைக்குள் இந்த ஆட்டம் முறையாக நடந்த முதல் நாள் 1875 மார்ச் 3. ஊர், கானடாவில் உள்ள மாண்ட்ரீல்.

ஏணியும் படிகளும்

இந்த விளையாட்டிலே உச்சிப்படி 'நாஷனல் ஹாக்கி லீக்' என்ற ஸ்தாபனம். 1917-ல் தோன்றியது. இன்று அதில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. கானடா, அமெரிக்கா என்ற இரண்டு பெரிய தேசங்களிலிருந்தும், ஐரோப்பாவிலிருந்தும் வந்து குவியும் வீரர்களுள், ஒரே சமயத்தில் எழுநூறு சொச்சம் பேருக்கே அங்கே இடம்.

மற்றவர்கள் என்ன ஆகிறார்கள்? அவர்களுக்காகத்தான் கீழ் லீக்குகள். 1936-ல் ஆரம்பித்த 'அமெரிக்கன் ஹாக்கி லீக்' அவற்றுள் முதன்மையானது. அதிலும் 32 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் மேலே உள்ள ஒரு கோஷ்டிக்குத் துணை. மேலே ஒருவருக்கு முழங்கால் பிசகினால், கீழே உள்ளவருக்கு ராத்திரியோடு ராத்திரியாக அழைப்பு வரும். காயம் ஆறியதும், "வந்த வேலை முடிந்தது, போய் வாரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேல் லீக்கில் ஆடுகிறவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் இந்தக் கீழ் லீக்கின் வழியாக வந்தவர்களே. ஆகவே இதைக் குப்பைத் தொட்டி என்று எண்ணுவது தவறு. நாற்றங்கால் என்பதே பொருந்தும். ஆனால் நாற்றில் பெரும்பகுதி நடவுக்குப் போகாமலே நின்றுவிடும் என்பதும் உண்மை. அப்படி நின்றவர்கள் மேல் லீக்கின் சம்பளத்தில் சிறு பங்கை வாங்கிக்கொண்டு, பனிக்கால இரவுகளில் பஸ்ஸிலே தூங்கி, ஊர் ஊராகப் போய் ஆடிக் காலம் கழிப்பார்கள்.

நாற்றங்காலுக்கு வந்து சேர இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்கக் கல்லூரி. விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்கும் மாணவன், ஆட்டத்தில் தோற்றாலும் கையிலே ஒரு பட்டத்தோடு வெளியே வருவான். மற்றொன்று கானடா தேசத்து ஜூனியர் லீக். பதினாறு வயதிலிருந்து இருபது வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, அயலூரில் யாரோ ஒரு குடும்பத்தாரின் வீட்டில் தங்கி, பள்ளிக்கும் போய், பந்தயமும் ஆடுவார்கள். பாவா வந்தது இந்த இரண்டாவது பாதையில்.

கப்பலும் கரையும்

பாஞ்சால தேசத்துக் குடும்பம் ஒன்று பனி தேசத்துக்குப் போய்ச் சேர்ந்த வரலாற்றைச் சொல்லாவிட்டால், அந்த 61 ஆட்டங்களின் மதிப்பு விளங்காது.

கானடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீக்கியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். காட்டு மரம் வெட்டவும், மர ஆலைகளில் உழைக்கவும் அவர்களுடைய கரங்கள் வேண்டியிருந்தன. அவர்களுடைய முகங்கள்தான் வேண்டியிருக்கவில்லை. 1907-ல் அவர்களுடைய வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1908-ல், பிறந்த நாட்டிலிருந்து எங்கும் இறங்காமல் நேரே வருகிறவர்களுக்கே அனுமதி என்று ஒரு சட்டம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி நேரே போகும் கப்பல் இல்லை என்பது சட்டம் செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்!

அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பியவர் பாபா குர்தித் சிங். 'கோமகதா மாரு' என்ற கப்பலை வாடகைக்கு அமர்த்தி, 376 பிரயாணிகளோடு 1914 மே 23-ல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தார். இரண்டு மாத காலம் அந்தக் கப்பல் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றது. இருபது சொச்சம் பேரைத் தவிர வேறு யாரையும் இறங்க விடவில்லை. ஜூலை 23-ல், பீரங்கிக் கப்பல் ஒன்று பக்கத்தில் நிற்க, திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் வந்து இறங்கியவர்களைப் பிரிட்டிஷ் போலீஸார் துப்பாக்கிக் குண்டுகளால் வரவேற்றார்கள். சுமார் இருபது பேர் மாண்டார்கள். அதற்காகக் கானடா தேசத்துப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டது 2016 மே 18-ல். நூறு வருஷத்துக்கு மேலாயிற்று!

முன்னமே போயிருந்தவர்கள் மட்டும் அங்கே வேரூன்றினார்கள். வான்கூவர் தீவிலே, டங்கன் நகரத்துக்கு அருகில், மேயோ சிங் என்பவர் மர ஆலை ஒன்றை நிறுவி, அதைச் சுற்றி எழுந்த ஊருக்குத் தம் சொந்தக் கிராமத்தின் பெயரான பால்டி என்பதையே சூட்டினார். அங்கே குருத்வாராவும் எழுந்தது. 1947-ல், இங்கே நாம் விடுதலை பெற்ற அதே ஆண்டில், அங்கே அவர்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்தது.

தமிழர்களுக்கும் அந்தக் கடலோடு சம்பந்தம் உண்டு. 1986 ஆகஸ்டில், இலங்கையின் கலவரத்துக்குத் தப்பி ஓடிய 155 தமிழர்கள், கானடாவின் கிழக்குக் கரையான நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், இரண்டு உயிர்காக்கும் படகுகளில் நிர்க்கதியாக மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு கரை சேர்த்தவர்கள் யார் தெரியுமா? அந்தப் பகுதியில் மீன் பிடிக்கப் போயிருந்த மீனவர்கள்! கடலில் தவிக்கும் மனிதனைக் கண்டால் ஜாதி, நிறம், பாஷை என்று கேட்டுக்கொண்டு நிற்பது எந்த நாட்டு மீனவருக்கும் வழக்கமில்லை. நெட்டுக்குப்பத்தாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோல் போட்ட கை

ராபின் பாவா 1966 மார்ச்சில், மேலே சொன்ன டங்கன் நகரத்தை அடுத்த பகுதியில் பிறந்தார். பதினாறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, காம்லூப்ஸ் என்ற ஊரின் ஜூனியர் கோஷ்டியில் சேர்ந்தார். ஐந்து பனிக்காலம் அங்கே ஆடினார். கடைசியான 1986-87 பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 57! அந்த வயதில் அத்தனை கோல் போட்ட பிள்ளையை மேல் லீக் கோஷ்டிகள் போட்டி போட்டுக்கொண்டு அழைத்துப் போயிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஆண்டுதோறும் இளைஞர்களைப் பொறுக்கி எடுக்கும் 'டிராப்ட்' என்ற சடங்கிலே, ஒரு கோஷ்டிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு வாஷிங்டன் கோஷ்டியார் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவரைக் கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள்.

போர்ட் வேன், பால்ட்டிமோர் என்று இரண்டு வருஷம் சென்றது. 1989 அக்டோபரில் அழைப்பு வந்தது. வாஷிங்டன் கோஷ்டியின் சட்டையை அணிந்து மேல் லீக்கின் பனித்தரையில் இறங்கினார். கோமகதா மாரு திரும்பிப் போய் எழுபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. ஐந்து பந்தயங்கள் ஆடினார். ஒரு கோல் போட்டார். திரும்பவும் கீழே அனுப்பப்பட்டார்.

அதன் பின் 1991-92-ல் சொந்த மாகாணத்துக் கோஷ்டியான வான்கூவருக்காக இரண்டே பந்தயங்கள். அடுத்த பருவத்தில் சான் ஹோஸே கோஷ்டியில் 42 பந்தயங்கள், ஐந்து கோல்கள். அந்தக் கோஷ்டி அந்தப் பருவத்தில் ஆடிய 84 பந்தயங்களில் 71-ல் தோற்றது. தோல்வியிலேயே அது ஒரு சாதனை! நமது வீரருக்கு நிலையான இடம் கிடைத்தது அப்படிப்பட்ட இடத்தில்தான். 1993-94-ல் அனஹைம் நகரத்தில் புதிதாகத் தோன்றிய கோஷ்டிக்காகப் பன்னிரண்டு பந்தயங்கள். அத்தோடு மேல் லீக் வாசம் முடிந்தது. கூட்டிப் பார்த்தால் 61.

ஜூனியர் லீக்கில் 57 கோல் போட்ட கை, மேல் லீக்கில் ஏன் ஆறு கோலோடு நின்றது? கோல் போடுவதற்காக அவரை அங்கே அழைக்கவில்லை. மோதுவதற்கும், சண்டையென்று வந்தால் முன் நிற்பதற்குமே அழைத்தார்கள். மேலே இடம் வேண்டுமானால் அந்த வேலையைச் செய்ய வேண்டும், செய்தார். நிறத்தையும் வம்சத்தையும் சொல்லி எதிர்க் கோஷ்டியார் ஏசினார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்களிலும் சிலர் கூச்சலிட்டார்கள். பிற்காலத்துப் பேட்டிகளில் அவரே இவற்றை விவரித்திருக்கிறார். ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டால் கோழை என்பார்கள். எதிர்த்து நின்றால் முரடன் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் எப்படி நிற்பது?

அனஹைமுக்குப் பிறகும் அவர் விளையாட்டை விடவில்லை. கீழ் லீக்குகளில் கோஷ்டிக்குக் கோஷ்டி மாறி, மேலும் ஐந்து வருஷம் ஆடினார். கடைசியில், தொழில் ஆட்டக்காரராகத் தாம் தொடங்கிய போர்ட் வேன் கோஷ்டிக்கே திரும்பி வந்தார். தலையிலே மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் மூளை அதிர்ச்சி கண்டு, 1999-ல் ஓய்வு பெற்றார். பன்னிரண்டு வருஷத் தொழிலில் 61 பந்தயங்கள் நீங்கலாக மற்றவையெல்லாம் கீழ்ப்படிகளில்.

ஒரே ஒரு நிமிஷம்

"இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டார்?" என்று கேட்கும் நேயர்களுக்காக இன்னும் இருவரைப் பற்றிச் சொல்லுவோம்.

லாரி குவாங் என்பவர் சீன வம்சத்தவர். அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெர்னன் என்ற ஊரில் பிறந்தவர். 1948 மார்ச் 13-ல் நியூயார்க் கோஷ்டி அவரை மேல் லீக் பந்தயத்துக்கு அழைத்தது. இரண்டு பகுதி ஆட்டம் முடியும் வரை பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். கடைசிப் பகுதியில் சுமார் ஒரு நிமிஷம் ஆட விட்டார்கள். மேல் லீக்கில் அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நிமிஷந்தான்! அவர் மனம் உடைந்து உட்காரவில்லை. கியூபெக் மாகாணத்து லீக்கில் சேர்ந்து, 1951-ல் அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். பிறகு ஸ்விட்ஸர்லாந்து சென்று ஆடியும், ஆடக் கற்பித்தும் புகழோடு வாழ்ந்தார்.

வில்லி ஓ'ரீ என்பவர் நீக்ரோ இனம் என்று அந்நாளில் சொல்லப்பட்ட கறுப்பு இனத்தவர். 1958 ஜனவரி 18-ல், ஐஸ் வியாபாரி டூடரின் ஊரான அந்தப் பாஸ்டனின் கோஷ்டிக்காக ஆடி, மேல் லீக்கில் நிறத்தடையை உடைத்தார். அவருக்கு வலது கண் பார்வை கிடையாது. ஜூனியர் ஆட்டத்தில் அடிபட்டுப் போயிருந்தது. தெரிந்தால் விலக்கிவிடுவார்கள் என்று அதை மறைத்துக்கொண்டே ஆடினார். மேல் லீக்கில் ஆடியவை 45 பந்தயங்கள். கீழ் லீக்குகளிலோ 1979 வரையில் ஆடினார். 2022-ல் பாஸ்டன் கோஷ்டியார், அவர் அணிந்த 22 என்ற எண்ணை இனி வேறு யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்தார்கள்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம், 45, 61 என்பவை சொற்ப எண்கள். ஆனால் அந்த எண்கள் பூஜ்யமாக இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கே அவற்றின் மதிப்புத் தெரியும்.

ஒரு கோப்பை, இரண்டு பேர்

பாவாவுக்குப் பின் வந்தவர்களைப் பாருங்கள். மானி மல்ஹோத்ரா என்பவரின் தந்தை பாஞ்சாலத்திலிருந்து கானடா சென்றவர். 1998-ல், பாவாவை ஒதுக்கிய அதே பொறுக்கு சடங்கில், இவர் ஏழாவது பெயராக அழைக்கப்பட்டார். மேல் லீக்கில் 991 பந்தயங்கள் ஆடினார். 2011 மார்ச்சில் பறந்து வந்த வட்டு இடது கண்ணில் பட்டுப் பார்வை கெட்டது. பல முறை ரண சிகிச்சை செய்துகொண்டு, மூன்றே மாதத்தில் இறுதிப் போட்டிக்குத் திரும்பி வந்தபோது, வான்கூவர் அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அவருக்குப் பிறகு ஜுஜார் கைரா வந்தார். 2008 முதல் இந்தப் பந்தயங்களைப் பாஞ்சால பாஷையிலேயே வர்ணிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் வந்தது.

அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்பவர் 2001-ல் வான்கூவருக்கு அருகே ஸர்ரே நகரில் பிறந்தவர். பாவாவைப் போலவே இவரையும் பொறுக்கு சடங்கில் யாரும் எடுக்கவில்லை. 2021-22-ல் ஜூனியர் லீக்கிலேயே மிக அதிகமான புள்ளிகள் எடுத்த பிறகு, வான்கூவர் கோஷ்டி ஒப்பந்தம் செய்து, ஆபட்ஸ்போர்ட் என்ற ஊரில் உள்ள தன் கீழ் லீக் கோஷ்டிக்கு அனுப்பியது. 2024 பிப்ரவரியில் மேலே அழைப்பு வந்தது, பின்பு கீழே, மறுபடியும் மேலே. அதே ஏணி, அதே படிகள்.

2025 ஜூனில் அந்த ஆபட்ஸ்போர்ட் கோஷ்டி, கீழ் லீக்கின் சாம்பியன் பட்டமான கால்டர் கோப்பையை வென்றது. பெய்ன்ஸ் அந்தக் கோஷ்டியின் முன்வரிசை ஆட்டக்காரர். கோஷ்டியின் பயிற்சித் தலைவர் யார்? மானி மல்ஹோத்ரா! இருபத்தைந்து வருஷத்துக்கு முன், 2000-ல், ஹார்ட்போர்ட் கோஷ்டியில் இளைஞராக ஆடி அவர் வென்றதும் இதே கோப்பைதான். கீழ்ப்படியில் நின்று ஏறக் கற்றவர், அதே படிக்குத் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கை கொடுக்கிறார்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

"இதெல்லாம் பனி தேசத்துச் சமாசாரம், நமக்கு என்ன?" என்று நேயர்கள் நினைக்கலாம். நமது தேசத்திலும் பனித்தரை இல்லாமல் இல்லை. லடாக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் கழியை எடுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள் ஏராளம். அங்கே கற்றுக்கொண்ட பெண்களைப் பெரும்பாலும் கொண்ட இந்தியக் கோஷ்டி 2016-ல்தான் முதன் முதலாக வெளிநாட்டில் ஆடியது. அடுத்த ஆண்டில் முதல் வெற்றி கண்டது. 2025-ல் ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. வருஷத்தில் இரண்டு மூன்று மாதமே பனித்தரை கிடைக்கும் ஊரிலிருந்து வந்து இதைச் சாதித்தார்கள் என்றால், அந்தப் பெண்களை எப்படிப் பாராட்டுவது!

நெட்டுக்குப்பத்தில் குளம் உறையப் போவதில்லை. ஆனால் ஏணி என்ற விஷயம் எல்லா ஆட்டத்துக்கும் பொது. வட சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னஞ்சிறு கேரம் மன்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு விளக்கு, ஒரு பலகை, அவ்வளவுதான் சொத்து. அங்கேதான் படிகள் இருந்தன. 2008-ல் வியாசர்பாடி இளவழகி பிரான்சு தேசத்தில் உலகப் பட்டம் வென்றார். 2024-ல் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா என்ற ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். கொட்டகைகள் இல்லாதிருந்தால் இந்தப் பதக்கங்களும் இல்லை. அதே பலகையில் வருஷக் கணக்காக ஆடி, மாவட்டப் போட்டிக்கு அப்பால் போகாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களோடு ஆடித் தோற்றும் வென்றுமே சாம்பியன்கள் உருவாகிறார்கள்.

முகத்துவாரத்து மீனவக் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்கு விஷயமாக மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படிந்தபோது, வலையும் படகும் கறுத்து, தொழில் நின்று போனதை அவர்கள் கண்டவர்கள். கடலையே நம்பியிருப்பது இனிப் போதுமா என்று எண்ணுகிற தகப்பனார்களுக்கு, பிள்ளையின் காலிலோ கையிலோ இருக்கும் வித்தை ஒரு நம்பிக்கையாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? ரெயில்வேயும், பாங்குகளும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்துக் கோஷ்டி நடத்துவது நமது தேசத்து வழக்கம். தமிழ்நாட்டு அரசாங்க வேலைகளில் அவர்களுக்கென்று 3 சத விகிதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கீழ் லீக் ஆட்டக்காரருக்கு ஓய்வுக்குப் பின் கிடைக்காத ஒரு பாதுகாப்பு இதில் இருக்கிறது.

ஆகையால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவுதான். பிள்ளை ஆட விரும்பினால் ஆட விடுங்கள். ஆனால் உச்சிப்படியைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். அங்கே இடம் சிலருக்கே. படிப்பையோ ஒரு தொழிலையோ கூடவே கைப்பிடித்து வரச் செய்யுங்கள். கல்லூரி வழியாக ஏறும் அமெரிக்க மாணவனுக்கு உள்ள அநுகூலம் அதுதான். தலையில் அடிபட்டால், "வீரனுக்கு இதெல்லாம் சகஜம்" என்று தட்டிக் கொடுத்து மறுபடியும் களத்துக்கு அனுப்பாதீர்கள். பாவாவின் ஓய்வு கற்பிக்கும் பாடம் அது. மாவட்ட லீக்கிலேயே நின்றுவிட்ட பிள்ளையைத் தோற்றவன் என்று எண்ணாதீர்கள்.

சர்க்காருக்கும் நகரசபைக்கும் ஒரு வார்த்தை. உச்சியில் பதக்கம் வாங்கியவருக்குக் கோடி கொடுப்பது நியாயமே, கொடுக்கட்டும். அதில் ஒரு சிறு பங்கைக் குப்பத்துக்குக் குப்பம் ஒரு மைதானம், ஒரு விளக்கு, ஒரு வாத்தியார் என்று செலவிட்டால், ஏணிக்குக் கீழ்ப்படிகள் உண்டாகும். டங்கன் நகரத்துச் சிறுவன் ஒருவன் ஏறுவதற்கு அந்தத் தேசத்தில் படிகளாவது இருந்தன. ஏறவிடாமல் தடுத்த கைகளை அவன் விலக்கிக்கொண்டு போனான். நமது பிள்ளைகளைத் தடுப்பார் யாரும் இல்லாவிட்டாலும், கால் வைக்கப் படி வேண்டும் அல்லவா?